ஒருவகைப் புள்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மனோர்க்கு நன்கு பழகிய தொடர் ஒன்றுண்டு. தொகை நூல்களுள் யாதானும் ஒரு பறவையின் பெயர் வருமாயின் உரையினைப் புரட்டுகின்றோம். ஆண்டு 'ஒருவகைப் புள்' என்று எழுதப்பட்டிருக்கும். மரமாயின் 'ஒருவகை மரம்'. பூவாயின் 'ஒருவகைப் பூ'. அதனை அவ்வாறே ஏட்டிற் குறித்துக்கொள்கின்றோம். தேர்விலும் அவ்வாறே எழுதுகின்றோம். மதிப்பெண்ணும் குறைவறப் பெறுகின்றோம். மகன்றில் ஒருவகைப் புள்; அன்றில் ஒருவகைப் புள்; கம்புள் ஒருவகைப் புள்; கணந்துள் ஒருவகைப் புள். இந்நான்கும் தம்முள் எவ்வாறு வேறுபடும் என்று எவரேனும் வினவுவாராயின், நான்கும் ஒருவகைப் புள் என்பதே எம்மிடமுள்ள விடையாகும்.

உரையாசிரியர்களைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. அவர்கள் காலத்தில் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நாடோறும் கண்ட பறவைக்கு நீண்ட விளக்கம் எவரும் வேண்டிலர். 'புள்' என்று ஆசிரியர் சுட்டிய அளவில் மாணாக்கன் தலையுயர்த்தி வெளியே நோக்கினான். ஆங்கே அது பறந்துகொண்டிருந்தது. இன்று அச்சுட்டு அவ்வாறே நிற்கின்றது; நோக்குவோரைத்தான் காணோம். வகுப்பறையின் சன்னல் வழியே நோக்கினும் எமக்குப் புலப்படுவன காக்கையும் புறாவுமே.

ஆதலின் தமிழ் பயில்வோர் ஆண்டில் ஒருநாளேனும் ஓர் ஏரிக்கரையிற் கழித்தல் வேண்டும் என்றும், அஃது உல்லாசப் பயணமாக அன்றிப் பாடத்தின் ஒரு கூறாகவே அமைதல் வேண்டும் என்றும் யாம் கருதுகின்றோம். இக்கருத்தை முதன்முதல் வெளியிட்டபோது நண்பர் சிலர் நகைத்தனர். "பறவை பார்ப்பது விலங்கியல் வகுப்பினர் தொழிலன்றோ? உங்கட்கு அங்கே என்ன வேலை?" என்று வினவினர். நகைப்பு நகைப்பாக இருக்க, வினாவுக்கு விடை கூறுதல் கடனே. விலங்கியல் மாணாக்கர்க்குப் பறவையின் இலத்தீன் பெயர் ஒன்றிருந்தாற் போதும். உலகெங்கும் அஃது அவர்க்கு உதவும். ஒரு பறவையின் தமிழ்ப் பெயர் நாட்டில் மறைந்துபோயின் விலங்கியலுக்கு இழப்பு யாதுமில்லை. இழப்பு முழுவதும் தமிழுக்கே. அவ்விழப்பைத் தடுக்கும் கடமையும் தமிழ் பயில்வோர்க்கே உரியதன்றோ?

கடந்த ஐப்பசித் திங்களில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் இருவரும் மாணாக்கர் பன்னிருவருமாக யாம் கரைவெட்டி ஏரிக்குச் சென்றோம். மேனாட்டார் இலையுதிர் காலம் என்று கூறும் பருவம் நம் நாட்டில் இலை உதிர்க்கும் பருவமன்று. இலை தளிர்க்கும் பருவம். நம் முன்னோர் இதனைக் கூதிர் என்றனர். வடநாடுகளிற் குளிர் தொடங்க, அங்குள்ள பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படும் காலமும் இதுவே. அவை வந்து சேரும் இடங்களுள் ஒன்று அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி. இவ்வேரியும் இதனை அடுத்த வேட்டக்குடியும் சேர்த்துப் பேசப்படுவதும் உண்டு. 1999-ஆம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயமாக்கப்பட்டபோது இப்பகுதி பெரம்பலூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது 2007-இல். 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இவ்வேரி ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஈரான் நாட்டு ராம்சர் என்னும் ஊரில் 1971-இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி, உலகிற் சிறந்த நீர்நிலைகளைக் குறிக்கும் பட்டியல் அது. 453.72 எக்டேர் பரப்புள்ள இவ்வேரியில் ஏறத்தாழ 198 வகைப் பறவைகள் காணப்பட்டுள்ளன என்பது அரசின் கணக்கு.

அரியலூரினின்று செல்லும் வழி அழகியது என்று கூறுவதற்கில்லை. சிமெண்டு ஆலைகட்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பிய புழுதி எம் பேருந்தின் கண்ணாடியை வெள்ளையடித்துவிட்டது. அச்சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகட்கு முன் இவ்விடத்தில் இருந்த கடலின் அடிப்படிவு. கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கல்லாகிக் கிடப்பதனை இன்றும் இவ்வட்டாரத்து ஓடைகளிற் காணலாம். ஆயினும் யாம் காணச் சென்றவை கல்லாகிய உயிர்கள் அல்ல. ஆதலின் அங்கு நில்லாது சென்றோம்.

கரையேறியபோது காலை ஏழு மணியிருக்கும். ஏரி நிரம்பியிருக்கவில்லை. வாய்க்கால் நீர் வந்து சேர்ந்திருந்தது. பருவமழை இரண்டொரு முறை பெய்திருந்தது. நீர் நடுவே கருவேல மரங்கள் முழங்காலளவு மூழ்கி நின்றன. எம்மிடம் இருந்தவை இரண்டே பைனாகுலர்கள். பன்னிருவர் அவற்றை மாறிமாறிப் பெற்ற அவசரத்தில் முதல் அரைமணி நேரம் பறவைகளைக் காட்டிலும் ஒருவர் முழங்கையை ஒருவர் மிகுதியாக நோக்கினோம். பின்னர் ஆசிரியர் ஒருவர் எல்லாரையும் கரைமீது அமரச் செய்தார். அமர்ந்த பின்னரே ஏரி எமக்குப் புலப்படலாயிற்று.

முதலிற் கண்ணிற்பட்டது பாம்புத்தாரா. பட்டுப்போன ஒரு கிளையில் இருசிறகும் விரித்து வெயிலிற் காய்ந்துகொண்டிருந்தது. பின்னர் அது நீரில் இறங்கியதும் உடல் முழுவதும் மறைந்து கழுத்து மட்டும் வளைந்து நெளிந்து சென்றது. அக்காட்சியைக் கண்டபின் 'பாம்புத்தாரா' என்ற பெயருக்கு உரை வேண்டுவார் உளரோ? நத்தைகுத்தி நாரைகள் ஆழமற்ற நீரில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, அலகினை அடியிற் செலுத்தித் துழாவின. அவற்றின் இரண்டு அலகுகளும் நடுவிற் பொருந்தாமல் சிறிது திறந்தே இருக்கும். நத்தையைப் பற்றி அதன் ஓட்டினுள்ளிருக்கும் சதையை வாங்குதற்கு ஏற்ற கருவி அது. அரிவாள்மூக்கன் சேற்றை அரிந்தது. முக்குளிப்பான் முக்குளித்தது, யாம் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிப் பதினெட்டு வரை எண்ணியபோது எதிர்பாராத இடத்தில் தலை தூக்கிற்று. நாமக்கோழிகள் நெற்றியில் வெண்ணாமம் தரித்துக் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன. (எம்முள் வைணவக் குடும்பத்தினர் ஒருவர், இவ்வேரியில் தம்மவரே மிகுதி என்று பெருமை பாராட்டினார்.)

ஏரியின் மறுகோடியிற் பழுப்பு நிறச் சிறு வாத்துகளின் கூட்டம் ஒன்று தென்பட்டது. நூல் கொண்டு ஒப்பிட்டு அவை நீலச்சிறகிகள் என்று தெளிந்தோம். வேனில் முழுவதும் வடக்கே குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருவன அவை. ஆண்பறவையின் கண்மேல் வெண்புருவம் ஒன்று அழகுற வளைந்திருக்கும் என்று படத்திற் கண்டிருந்தோம்; ஈண்டுக் கண்டவை யாவும் ஒரே பழுப்பாயிருந்தன. இக்காலத்தில் ஆணும் தன் அணிகளைக் களைந்து பெண்போலவே இருக்கும் என்றும், குளிர்காலத்திற் புதிய இறகு முளைத்த பின்னரே வெண்புருவம் தோன்றும் என்றும் அந்நூலே கூறிற்று. நெடும்பயணம் போந்தார் வழிநடை உடையோடு வந்திருந்தனர் போலும்.

தலைக்குமேல் தகைவிலான்கள் ஓயாது பறந்தன. இப்பெயரைப் பற்றி ஒன்று சொல்லுதல் வேண்டும். விவிலியத்தைத் தமிழிற் படிக்கும் இல்லங்களில் வளர்ந்த எம்மிற் சிலர்க்கு இச்சொல் மழலைப் பருவந்தொட்டே செவிக்குப் பழகியது. சங்கீதத்தில் தேவனுடைய பீடத்தண்டை கூடுகட்டும் பறவையாகவும், எரேமியா ஆகமத்தில் தன் வருகையின் காலத்தை அறியும் பறவையாகவும் இது வருகின்றது. ஆயிரம் முறை வாயாற் சொல்லியும் அப்பறவையை இன்னதென்று அறியாது வளர்ந்தோர் எத்துணைப் பேர்! தகைதலாவது தடுத்தல், தகைவிலான் என்பது தடையின்றிச் செல்வோன் என்று பொருள்படும் என யாம் கொள்கின்றோம். நீர்ப்பரப்பை ஒரு விரற்கடை உயரத்தில் உரசிச் சென்று, சட்டென்று திரும்பி, எங்கும் தங்காது சுழலும் அதன் போக்கைக் கண்டபோது அச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் விளங்கிற்று. கோயிலின் வாசகப் பலகையில் உயிரோடிருந்த சொல்லை ஏரியின்மேல் உயிரோடு கண்டோம்.

நண்பர் பலர் ஆவலோடு எதிர்பார்த்து வந்தது வரித்தலை வாத்தினை. அஃது அன்று வந்திலது. மார்கழியை ஒட்டியே வரும் என்றனர். மங்கோலியாவிலும் திபெத்துப் பீடபூமியிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, இமயத்தைக் கடந்து தென்னாடு வருகின்றது. இவற்றின்மேற் சிறு கருவியைப் பொருத்தி ஆராய்ந்த அறிஞர், 7,290 மீட்டர் உயரத்தில், அஃதாவது ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில், இது பறந்ததனைப் பதிந்துள்ளனர். ஆங்குள்ள காற்றில் நாம் பத்தடி விரைந்து நடப்பினும் மூச்சிரைக்கும்.

வாராத பறவையைப் பற்றி ஈண்டு விரித்தற்குக் காரணம் உண்டு. புறநானூற்றில் 67-ஆம் பாட்டு, பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனை நினைந்து பாடியது. தென்கோடியாகிய குமரியினின்று வடமலை நோக்கிச் செல்லும் அன்னச்சேவலை விளித்து, இடையே சோழநாட்டைக் கடக்கும்போது உறையூர் மாடத்தில் இறங்கிச் சோழனைக் காண்பாயாக, என் பெயரைச் சொல்வாயாக, என்று புலவர் வேண்டுகின்றார். உறையூருக்கும் கரைவெட்டிக்கும் பறவையின் சிறகுக்கு ஒரு பொழுது வழிதான். தெற்கினின்று வடமலை செல்லும் பெரிய நீர்ப்பறவை, அதுவும் சோழநாட்டின் வழியே செல்வது என்றால், இந்த வரித்தலை வாத்தினை நினையாதிருத்தல் எங்ஙனம்? இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே வானவழியில் இவை வந்து மீள்கின்றன என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கின்றது.

ஆனால் சிலிர்ப்பு ஆராய்ச்சி ஆகாது. அப்பாட்டிலேயே அவ்வன்னம் அயிரை மீனை மேய்ந்து செல்வதாகப் புலவர் கூறுகின்றார். வரித்தலை வாத்தோ பெரும்பாலும் புல்லும் தானியமும் உண்பது. வழி பொருந்துகின்றது, உணவு பொருந்தவில்லை. புலவர் வேறொரு பறவையைக் கண்டிருக்கலாம். அன்றி, உயரத்திற் பறப்பதனைக் கண்டு உணவினைத் தாமே கூட்டியிருக்கலாம். சங்கப் பறவை ஒவ்வொன்றையும் இன்ன பறவைதான் என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துள்ளது. அதனை யாம் விரும்புகிலோம். 'ஒருவகைப் புள்' என்று சொல்லி வாளா இருப்பது ஒரு சோம்பல். எல்லாம் தெரிந்தாற்போல் முடிவு கட்டுவது மற்றொரு சோம்பல். ஏரிக்கரையில் அமர்ந்து நோக்குவார்க்கே இவ்வையம் எழுகின்றது. எழுந்த ஐயமும் மீண்டும் நோக்கியே தீரவேண்டியது.

குறுந்தொகையிற் கணந்துள் என்றொரு பறவை வருகின்றது. அது நெடிய காலுடையது. சுரத்துவழியிற் செல்வோர்க்கு ஆள் உண்மையை அறிவிக்கும் குரலுடையது. யாம் ஏரியின் பின்புறத்துக் களர் நிலத்தில் நடந்தபோது, நெடுங்காற் பறவை ஒன்று எம்மைக் கண்டதும் வீறிட்டுக் கத்தி மேலெழுந்து எம் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதன் பெயர் ஆள்காட்டி. ஆள் வருவதை ஊரறியக் காட்டிக்கொடுப்பதால் அப்பெயர். கணந்துள்ளே ஆள்காட்டி என்று யாம் ஆணையிடவில்லை. கணந்துள் எத்தகைய பறவையாயிருக்கும் என்று அந்நொடியில் எமக்கு விளங்கிற்று. அவ்வளவே. அது வகுப்பறையில் ஓராண்டு இருந்தும் விளங்காதது.

இந்நூல்களை நமக்கு அளித்த பெரியாரையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். புறநானூற்றை 1894-இலும் குறுந்தொகையை 1937-இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், இளமையிற் சில காலம் அரியலூரில் வாழ்ந்தவர். தமிழ் கற்கும் ஆவலால் தந்தையாரோடு குன்னத்திலும் பெரம்பலூரை அடுத்த செங்கணத்திலும் தங்கியவர். அவர் கற்ற ஊர்கள் இவையே. அவற்றைச் சிமெண்டு லாரியின் புழுதி வழியே ஒரு மணி நேரத்தில் கடந்து வந்தோம் என்பதனை எண்ணி எம்முள் ஒருவர் பெருமூச்செறிந்தார்.

வெயில் ஏறியபின் கரையினின்று இறங்கி வயற்பக்கம் சென்றோம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. மடையண்டை முதியவர் ஒருவர் மண்வெட்டியோடு நின்று வாய்க்காற் கழிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் காலடியில் நான்கு முழத்துக்கு அப்பால் மண்ணிறப் பறவை ஒன்று அசையாது நின்றது. இதன் பெயர் யாதென்று கேட்டோம்.

"அதுவா தம்பி, மடையான். மடையே கதின்னு கிடக்கும். பறந்தாத்தான் வெள்ளையாத் தெரியும், உக்காந்தா மண்ணுதான்."

அவர் அதனைச் சொல்லி முடிப்பதற்குள் அது பறந்தது, வெண்சிறகு பளிச்சிட்டது. நூல்களில் இதனைக் 'குளத்துக் கொக்கு' என்று மொழிபெயர்ப்பாரும் உளர். மடையைக் காத்து நிற்பது மடையான் என்பது எத்துணைச் சிறந்த பெயர்! மடை என்னும் சொல்லும் பறவையின் குணமும் அது நிற்கும் இடமும் நான்கெழுத்தில் அடங்கிவிட்டன. ஆங்கிலத்தினின்று பெயர்த்துச் சொல் ஆக்குவோரை யாம் பழிக்கவில்லை. வரித்தலை வாத்துக்கு அவர்களே பெயரிட்டனர். அது நல்ல பெயரே. ஆனால் பழம்பெயர் இருக்கப் புதுப்பெயர் ஆக்குதல், கிணறு இருக்கத் தண்ணீர் விலைக்கு வாங்குதல் போலும்.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்மக்களும் உரையாடலிற் கலந்துகொண்டனர். சேற்றில் ஓடும் சிறு பறவைகள் எல்லாம் உள்ளான், வாத்தினம் சிறவி, மாலையிற் கரகரத்துக்கொண்டு போவது வக்கா, புதரிற் கத்துவது கானாங்கோழி, மாட்டின்மேல் இருப்பது உண்ணிக்கொக்கு. யாம் விரைந்து விரைந்து எழுதினோம். மூத்த அம்மையார் ஒருவர் எம் வகுப்புத் தோழியை நோக்கி, "இதெல்லாம் எழுதி என்னா பண்ணப் போற பாப்பா? பரிச்சையில கேப்பாங்களா?" என்று வினவினார். கேட்பதில்லை என்பதே உண்மை. தோழி விடை சொல்லாமல் நகைத்தாள். கேட்கவேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

அவ்வம்மையாரின் பேரன் பன்னிரண்டு அகவையினன். விடுமுறை நாளாதலின் வரப்பில் அமர்ந்து கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்தான். வக்கா எது என்று அவனைக் கேட்டோம். "கொக்குதான்" என்றான். உள்ளான்? "அதுவும் கொக்குதான்." பாட்டியார் அறிந்த பெயர்கள் பல, பேரன் அறிந்தது ஒன்று. 'ஒருவகைப் புள்' என்னும் உரை நூலில் மட்டும் இல்லை. வரப்பிலும் வந்து அமர்ந்துவிட்டது. இருபது ஆண்டு கழித்து யாம் இவ்வூருக்கு வந்து வினவின், வினவுதற்கு அப்பாட்டியார் இரார்.

பெயர் போவது எதனால் என்று எண்ணிப் பார்த்தோம். நத்தைகுத்தி என்று பெயரிட்டவர் அது நத்தை குத்துவதனை வயலிற் கண்டவர். வயலிற் பூச்சிமருந்து தெளித்து நத்தை ஒழிந்தால் அப்பறவை ஆங்கு இறங்காது. இறங்காத பறவையின் பெயர் எவர் வாயில் நிற்கும்? மடையிற் கைவைத்து நீர் திருப்புவோர் இல்லையாயின் மடையான் என்னும் சொல்லை ஆக்கவும் காக்கவும் ஆள் ஏது? பெயர்கள் பயிர்த்தொழிலின் விளைவு. நெல்லோடு கூட விளைந்தவை.

ஏரியும் அவ்வாறே. கரைவெட்டி பறவைக்காகத் தோன்றியதன்று, பாசனத்துக்காக அமைந்தது. இன்றும் அந்நீரால் நெல்லும் கரும்பும் பருத்தியும் மக்காச்சோளமும் துவரையும் விளைகின்றன. இதற்கு நீர் தருவன பருவமழையும் காவிரியிற் பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலும். (பெயரின் முதலிற் 'புள்' நிற்பதனைக் கண்டு துள்ளிய நண்பரை ஆசிரியர் ஒரு பார்வையால் அடக்கினார்.) அவ்வாய்க்கால் வழக்கமாக ஆகஸ்டு முதல் நாளிலே திறக்கப்படும், மேட்டூர் அணையில் நீர் குறைந்த ஆண்டில் அதுவும் தள்ளிப்போகும். மேட்டூரில் நீர் உண்டெனில் கரைவெட்டியில் வாத்து உண்டு. சைபீரியாவிற் புறப்பட்ட பறவையின் நல்லூழ் சேலம் மாவட்டத்து மதகில் இருக்கின்றது என்பது வியப்பன்றோ?

ஆதலின் சரணாலயம் என்று எல்லை வகுத்துப் பலகை நாட்டுவதும் ராம்சர் என்று பெயர் சூட்டுவதும் நற்செயல்களே எனினும் அவை போதா என்பது எம் துணிபு. வேலி ஏரியைச் சுற்றி நிற்கின்றது. நீரோ வேலிக்கு வெளியிலிருந்து வருகின்றது. வரத்து வாய்க்கால் தூர்ந்தால், அல்லது ஏரி வண்டலால் மேடிட்டால், வேலியினுள் இருப்பது வெறுநிலம். பறவையைக் காக்க விரும்புவோர் முதலில் உழவனோடு நின்று வாய்க்காலைக் காத்தல் வேண்டும். பறவை நோக்குவோரிற் சிலர் உழவரைத் தடையாகவும், உழவரிற் சிலர் வனத்துறையினரைப் பகையாகவும் கருதுவது இருசாரார்க்கும் கேடு. அம்முதியவர் எம்மிடம், "தண்ணி வந்தா அதுங்களும் வரும், நாங்களும் பொழைப்போம், தண்ணி இல்லன்னா ரெண்டு பேரும் போக வேண்டியதுதான்" என்றார். இதனினும் தெளிவாக எந்த அறிக்கையும் கூறியதாக யாம் அறியோம்.

வேடந்தாங்கலின் வரலாறு இதற்குத் துணைநிற்கும். ஆங்கு வேட்டையாடுவோரினின்று பறவைகளைக் காக்க முதலில் முனைந்தோர் ஊராரே. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாவதனை அவர்கள் அறிந்திருந்தனர். 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பார் அவ்வுரிமையை எழுத்தில் உறுதிசெய்து கொடுத்தார். சட்டம் பின்னர் வந்தது. உழவர் அறிவு முன்னர் இருந்தது.

பெயர்களைத் தொகுக்கும் தொழிலுக்கும் முன்னோடிகள் உளர். 19-ஆம் நூற்றாண்டிற் சென்னை மாகாணத்திற் படை மருத்துவராயிருந்த ஜெர்டன் என்னும் ஆங்கிலேயர், 1862 முதல் 1864 வரை வெளிவந்த தம் இந்தியப் பறவைகள் நூலிற் பறவைகட்கு நாட்டு மொழிகளில் வழங்கும் பெயர்களையும் கேட்டுக் குறித்துள்ளார். பிறநாட்டு மருத்துவர் ஒருவர் வேடரையும் உழவரையும் வினவி எழுதியதனைத் தமிழ் மாணாக்கர் எழுதலாகாதோ? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஆங்கிலத்திலும் தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதினார். தமிழ்ப் பேராசிரியராகிய க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளின் பெயர்களைத் திரட்டி நூலாக்கினார். 'தமிழாசிரியர்க்கு இங்கென்ன வேலை' என்று நகைத்த நண்பர்கட்கு இவர் ஒருவரே போதிய விடை.

எம் வேண்டுகோள் பெரிதன்று. தமிழ்த்துறையில் ஒரு தடித்த குறிப்பேடு வைக்கப்படுதல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணாக்கரும் தம் ஊரில் வழங்கும் பறவைப் பெயர்களை, சொன்னவரின் தொழிலோடும் ஊரோடும், அப்பறவை யாது செய்யும் என்று அவர் கூறியதோடும் அதில் எழுதுதல் வேண்டும். எம் வகுப்பில் இராமநாதபுரத்தாரும் உளர், கன்னியாகுமரியாரும் உளர், மலைநாட்டாரும் உளர். ஒரே பறவைக்கு ஐந்து ஊரில் ஐந்து பெயர் இருக்கும், ஐந்தும் வேண்டும். ஒன்றே சரியான பெயர் என்று தேர்ந்து மற்றவற்றைக் களைதல் கூடாது. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பிலும் எம் துறையினர் பங்குகொள்ளுதல் வேண்டும். எண்ணுவோர் எண்ணட்டும், யாம் பெயர் எழுதுவோம். விலங்கியல் துறையினர் எமக்குப் பைனாகுலர் இரவல் தருவாராயின், நகைத்த குற்றத்தை மறந்துவிடுகின்றோம்.

அன்று யாம் தொகுத்த பெயர்கள் முப்பத்தொன்று. அவற்றுள் ஆறு எம்மிடமுள்ள எந்த நூலிலும் இல்லை. அவை எப்பறவையைக் குறிக்கும் என்பதும் சொன்னவரோடு மீண்டும் கரையில் அமர்ந்தாலன்றித் தெளியாது. மார்கழி விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை மீண்டும் கரைவெட்டிக்குச் செல்லத் துறைத்தலைவரிடம் இசைவு கேட்டுள்ளோம். அக்காலத்தில் வரித்தலை வாத்து வந்திருக்கும். முதியவர் அதனை எப்பெயரால் அழைக்கின்றார் என்று கேட்டுவர வேண்டும். வர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். பேருந்தில் இன்னும் எட்டு இடம் உண்டு.